தேற்றாங்கொட்டையும் ஊர் வரலாறும்

சில திங்களுக்கு முன்னர், புணரியல் கற்பித்துக்கொண்டிருந்த வேளையில், "தேற்றாத்தீவு" என்னும் ஊர்ப்பெயரைக் கரும்பலகையில் எழுதி, அதனைப் பிரித்துப் பொருள் கூறுமாறு மாணாக்கரைக் கேட்டேன். அவ்வூரிலேயே பிறந்த ஒரு மாணாக்கன் எழுந்து, "தேற்றாத தீவு, ஐயா. துன்புற்றவரைத் தேற்றாத தீவு" என்றான். வகுப்பு முழுவதும் நகைத்தது.

யான் நகைத்திலேன். அவன் கூற்றில் இலக்கணப் பிழை யாதுமில்லை. "ஓடாக் குதிரை" என்பதுபோல இதனையும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடராகக் கொள்ள இடமுண்டு. தேற்றா என்னும் மரப்பெயரோடு தீவு என்னுஞ் சொல் சேர்ந்ததாகக் கொள்ளவும் இடமுண்டு. வல்லெழுத்து இரண்டிடத்தும் மிகும். இரண்டனுள் எது உண்மை என்று நன்னூலைக் கேட்டால் நன்னூல் விடை கூறாது. ஊரைத்தான் கேட்டல் வேண்டும். ஊரும் மறந்துவிட்டால் யாரைக் கேட்பது?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை செல்லும் பெருவீதியில், வடக்கே மாங்காடும் தெற்கே களுதாவளையும் எல்லையாக, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் காவலாக அமைந்தது இவ்வூர். நாற்புறமும் நீர் சூழாவிடினும், நீரிடைப்பட்ட நிலத்தைத் தீவென்றல் இந்நாட்டு வழக்கு. காரைதீவு, புளியந்தீவு, மகிழடித்தீவு, ஈச்சந்தீவு என்னும் பெயர்களை நோக்குக. நாவற்குடா, தாழங்குடா, கொக்கட்டிச்சோலை என்பனவும் இவ்வினத்தனவே. நிலத்தையும் அதில் நின்ற மரத்தையும் கண்டு பெயரிட்டவர் நம் முன்னோர். அவ்வரிசையில் தேற்றா மரத்தின் பெயரால் வழங்குவது தேற்றாத்தீவு.

தேறுதல் தெளிதல், தேற்றுதல் தெளிவித்தல். கலங்கிய நீரைத் தெளிவிப்பதால் மரம் அப்பெயர் பெற்றது. அதன் விதையை மட்பானையின் உட்புறத்தில் உரைத்து நீர் வார்த்து வைத்தால், விதையிலுள்ள பசைப்பொருள் நுண்ணிய மண்துகள்களைத் திரட்டும். திரண்டவை கனத்து அடியிற் படியும். மேலே தெளிநீர் நிற்கும். துயர் நீங்கித் தெளிந்த தலைவிக்கு இந்நீரையே உவமையாக்கிற்றுக் கலித்தொகை. சங்கப் புலவர் அறிந்த இச்செய்தியை அம்மரத்தின் பெயர் தாங்கிய ஊரின் மாணாக்கன் அறியாதிருந்தான். குற்றம் அவனதன்று, அவனுக்குச் சொல்லாத நம்முடையது.

பெயர் மட்டுமா மறைகின்றது? எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த குடும்பங்கள், விதைப்புக்கும் வெட்டுக்கும் வாவியைத் தோணியிற் கடந்த காலம் ஒன்றிருந்தது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அத்துறையில் "பாதை" எனப்பட்ட மிதவையே மக்களை ஏற்றி இறக்கிற்று. இன்று பாலத்தின்மேல் விரையும் இளைஞனுக்குப் பாதை என்பது வெறும் வழியே. வட்டைகளின் பெயரும் துறைகளின் பெயரும் போடியார் வயற்காரர் வழக்கங்களும் அவ்வாறே ஒவ்வொன்றாய் நழுவுகின்றன.

இயற்கையும் போரும் இதற்குத் துணை நின்றன. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியில் கூரை இழந்த வீட்டில் ஏடு எங்ஙனம் நிற்கும்? 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை புகுந்த வீட்டில் நிழற்படம் எங்ஙனம் எஞ்சும்? 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரில், உயிரைக் காத்து ஓடியவர் உறுதிகளையும் குறிப்பேடுகளையுமா சுமந்து சென்றிருப்பர்? எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அதற்கும் ஆயுள் உண்டு.

மட்டக்களப்பு நாட்டின் வரலாற்றுக்கு நூல்கள் இல்லாமலில்லை. எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், பண்டிதர் வி. சி. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் வெளிவந்தன. அவை நாடு முழுமைக்கும் உரியவை. ஒவ்வோரூரின் கிணற்றையும் சந்தியையும் அவற்றில் தேடுதல் முறையன்று. அஃது அவ்வவ்வூரார் கடன்.

நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கு 1901ஆம் ஆண்டிலேயே சிட்னியில் வரலாற்றுச் சங்கம் ஒன்று தோன்றிற்று. இன்று புறநகர்கள் பலவற்றிலும் ஊர்வரலாற்றுச் சங்கங்கள் உள்ளன. பொதுநூலகங்கள் பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் முதியோர் வாய்மொழிப் பதிவுகளையும் பேணுகின்றன. ஒரு தெருவுக்குப் பெயர் வந்த கதையையும் அவர்கள் சிறிதென்று தள்ளுவதில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுப் புறநகருக்கே அத்துணைக் கவனமெனில், நமக்கு எத்துணை வேண்டும்!

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலிற் கூடும் பெரியோரை அணுகி, சந்திக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று கேளுங்கள். வடசேரி, தென்சேரி என இருபாற்பிரிந்து கொம்புகளைக் கோத்திழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டைக் கண்டவர் உளரா என்று கேளுங்கள். புனித யூதாததேயு திருத்தலத்துக்குத் தலைமுறைகளாகச் செல்வோரிடம் அதன் பழங்கதையைக் கேளுங்கள். சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் சேர்த்து எழுதுங்கள். இருவர் சொல் மாறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். தெளிவு பின்னர் வரும்.

அம்மாணாக்கன் மறுவாரம் நான்கு பக்கம் எழுதி வந்தான். அவனுடைய அம்மம்மா, மாரிகாலத்தில் கிணற்றுநீர் கலங்கும்போது பானையில் தேற்றாங்கொட்டை உரைத்தவராம். "ஏன் இதுவரை எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன், ஐயா. நீ கேட்கவில்லையே மகன் என்றா" என்றான். வகுப்பில் இம்முறை எவரும் நகைக்கவில்லை.

தேற்றாவின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நீர் தெளியாது என்பது வடமொழித் தரும நூலார் கண்ட உண்மை. விதையை எடுத்து உரைத்தல் வேண்டும். ஊர்ப்பெருமையும் அத்தகையதே. பெயரைச் சொல்லி மகிழ்ந்தது போதும், கேட்போம், எழுதுவோம்.