கறுப்பு கோட் போட்டவரெல்லாம் வக்கீலா? வக்காலத்தில் கையெழுத்திடும் முன் கவனிங்க!

நிலத்தகராறுக்காக முதன்முறை சேலம், நாமக்கல் கோர்ட் படியேறும் விவசாயிக்குக் கறுப்பு கோட்தான் நம்பிக்கை. ஆனால், கோட்டோ சட்டப் பட்டமோ மட்டும் ஒருவரை வக்கீலாக்காது. பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 2009-10 கல்வியாண்டு முதல் பட்டம் பெற்றவர்கள் அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். இந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பதிவில்லாமல் கோர்ட்டில் வாதாடினால், 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. ஆனால், போலி ஆளை நம்பி அப்பீல் கெடுவைத் தவறவிட்டவருக்கு நிலமே கைவிட்டுப் போகலாம்.

அதனால், பதிவு எண்ணைக் கேளுங்கள். பார் கவுன்சிலில் சரிபாருங்கள். ஃபீஸ் கொடுக்க வசதியில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-க்கு போன் செய்யலாம்!