கூம்பாகும் கருவிழி: லென்ஸ் போட்டால் போதுமா?

"டாக்டர், எங்க ஊர்க் கோபுரம் ரெண்டு மூணாத் தெரியுது. ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கு!"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் உள்ள என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவன் சொன்னது இது. அதற்கு முன்பே கண் அரிப்பு என்று பலமுறை என்னிடம் வந்தவன்தான். அரிப்புக்கு மருந்து கொடுத்தேன். ஆனால், 'இரண்டு வருஷத்துல மூணு கண்ணாடி ஏம்ப்பா மாத்தினே?' என்று கேட்கத் தவறிவிட்டேன். அது என் பிழை. அந்தப் பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மதுரைக்கு அனுப்பி, கருவிழியின் மேடு பள்ளத்தைப் படமெடுக்கும் 'டோபோகிராபி' பரிசோதனை செய்த பிறகு தெரிந்தது, அவனுக்கு இருந்தது 'கெரட்டோகோனஸ்'.

அது என்ன நோய்?

கண்ணின் முன்பக்கத்தை வாட்ச் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிவான படலமே கருவிழி. அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். இந்தப் படலம் மெலிந்து, உருண்டை வடிவம் போய், கூம்பு மாதிரி முன்னால் துருத்துவதே கெரட்டோகோனஸ். பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பருவத்தில் தொடங்கி, முப்பது வயதைக் கடந்தும் கூடலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், மற்ற பிள்ளைகளையும் பரிசோதிப்பது நல்லது.

கண்ணைக் கசக்குவது இந்த நோயைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று. எங்கள் பகுதியில் நூற்பாலைப் பஞ்சுத் தூசிக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. அலர்ஜி உள்ள பிள்ளைகள் முஷ்டியை வைத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அம்மாக்களும் 'தூக்கக் கலக்கம்' என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்!

லென்ஸ் என்ன செய்கிறது?

மேடு பள்ளமான தரையில் தண்ணீர் தேங்கினால் மேல்பரப்பு சமமாகத் தெரிகிறது அல்லவா? அதே தத்துவம்தான். கோணலான கருவிழியைச் சாதாரண மூக்குக் கண்ணாடியால் முழுதாகச் சரிக்கட்ட முடியாது. ஆனால் கெட்டியான லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி, பள்ளத்தை மூடிவிடுகிறது. பார்வை தெளிகிறது. 1888-லேயே ஐரோப்பாவில் ஃபிக், கால்ட் என்ற இரு மருத்துவர்கள், கண்ணாடியால் செய்த லென்ஸை இந்த நோய்க்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

இன்று முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, பிராணவாயுவை உள்ளே விடும் சிறிய கெட்டி லென்ஸ். இது கருவிழி மேலேயே உட்காரும். மற்றொன்று 'ஸ்கிளீரல் லென்ஸ்'. இது பெரியது. வெள்ளை விழியின் மேல் உட்கார்ந்து, கூம்பைத் தொடாமல் பாலம் போலத் தாண்டி நிற்கும். உள்ளே சுத்தமான உப்புக் கரைசலை நிரப்பிப் போடுவதால், வறண்ட கண்ணுக்கும் இதமாக இருக்கும்.

லென்ஸால் கெடுதல் வருமா?

அளவு சரியில்லாவிட்டால் வரும். கூம்பின் முனையில் லென்ஸ் உரசிக்கொண்டே இருந்தால் நாளடைவில் தழும்பு விழலாம். ஸ்கிளீரல் லென்ஸ் இறுக்கமாக இருந்தால் கண் சிவக்கும். கருவிழிக்குக் காற்றோட்டமும் குறையும். சிலருக்கு மதியத்துக்கு மேல் உள்ளே உள்ள கரைசல் கலங்கி, பனிமூட்டமாகத் தெரியும். கழற்றிச் சுத்தம் செய்து, புதுக் கரைசல் ஊற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். லென்ஸ் பார்வையைத் தரும். கூம்பு வளர்வதை நிறுத்தாது. நோய் கூடிக்கொண்டே போனால் 'கிராஸ்லிங்கிங்' சிகிச்சை இருக்கிறது. ரைபோபிளேவின் என்ற வைட்டமின் சொட்டை விட்டு, புற ஊதாக் கதிரைச் செலுத்திக் கருவிழியை உறுதியாக்குவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-ல் இதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் பிறகும் தெளிவான பார்வைக்குப் பலருக்கு லென்ஸ் தேவைப்படும்.

செய்யக்கூடாதவை

அந்த மாணவன் லென்ஸ் போட்டு ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தான். ஒருநாள் கண் ரத்தமாகச் சிவந்து வந்து நின்றான். கரைசல் தீர்ந்துபோனதால் குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவியிருக்கிறான். கண் உறுத்தியதும் பாட்டி நந்தியாவட்டைப் பூச்சாற்றைப் பிழிந்து விட்டிருக்கிறார். அன்றே பஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்பினேன். கண் பிழைத்தது, தழும்பு நின்றுவிட்டது.

குழாய், போர்வெல், கிணறு, கொதித்து ஆறிய தண்ணீர் எதுவும் லென்ஸில் படக்கூடாது. தண்ணீரில் வாழும் 'அகாந்தமீபா' என்ற கிருமி கருவிழியையே அரித்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். டாக்டர் தனியாகச் சொன்னாலொழிய, லென்ஸோடு தூங்க வேண்டாம். பழைய கரைசல் மேல் புதியதை ஊற்ற வேண்டாம். வலி, சிவப்பு, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், திடீர் மங்கல், இவற்றில் எது வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

"நீங்க சித்த வைத்தியர்தானே, மூலிகையில சரியாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் நூல்கள் கண் நோய்களை 96 என்று வகுத்திருக்கின்றன. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கூம்பான கருவிழியை நிமிர்த்தும் மூலிகையை நான் கண்டதில்லை. பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது கூம்பைச் சரிசெய்யாது. தைலம், பூச்சாறு, தாய்ப்பால் எதையும் இந்தக் கண்ணில் விடாதீர்கள். அரிப்பு எடுத்தால் கசக்காமல், சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடத்தை மூடிய இமை மேல் கொடுங்கள். அலர்ஜிக்குக் கண் டாக்டர் தரும் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

அடிக்கடி கண்ணாடி பவர் மாறுகிறதா? பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறானா? மதுரையோ திருநெல்வேலியோ, ஒரு முறை கருவிழிப் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?