படிப்போடு ஒரு பயணம்

வெளிநாடு சுற்ற ஆசைப்பட்டால் படிப்பு கெட்டுவிடும் என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். பயணமே படிப்பின் ஒரு பகுதியாகவும் அமையலாம்.

2010-இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றைத் தொடங்கின. பின்னர் அது பிற நாடுகளுக்கும் விரிந்தது. இத்தகைய திட்டங்களில் மாணவர் ஒரு தவணைக் காலம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயில்வார். பெரும்பாலும் கட்டணத்தை இங்கே செலுத்தினால் போதும். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்குத்தான் பணம் தேட வேண்டும். உதவித்தொகை உண்டா என்றும் விசாரியுங்கள்.

அங்குப் படிக்கும் பாடங்கள் இங்குப் பட்டத்துக்குக் கணக்கில் சேருமா? புறப்படுமுன் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். இல்லையேல் ஒரு தவணை வீணாகும்; கல்விக் கடனும் ஏறும். ஒப்புதல் கிடைத்துவிட்டால், மகளென்று தயங்காமல் கடப்பிதழ் எடுத்துக்கொடுத்து அனுப்பிவையுங்கள்.