கறுப்புக் கோடு எதற்கு?

தொப்பூர் கணவாய் வழியே போகிறதே 44-ம் எண் நெடுஞ்சாலை, அதிலேயே வடக்கே போனால் எங்கே போகலாம் குட்டீஸ்? பெங்களூரு, ஹைதராபாத் தாண்டி, சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் தெலங்கானாவின் மேடக் வரும்!

அங்கே 1924-ல் திறக்கப்பட்ட பெரிய தேவாலயத்தில் மூன்று வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. இங்கிலாந்து ஓவியர் ஃபிராங்க் சாலிஸ்பரி வடிவமைத்த இவை 1927, 1947, 1958-ம் ஆண்டுகளில் பொருத்தப்பட்டன. பகலில் உள்ளே நின்று பார்த்தால் இயேசுவின் கதை ஜொலிக்கும். பொழுது சாய்ந்தால் படமும் மறைந்துவிடும்!

இத்தகைய படங்களில் கறுப்புக் கோடுகள் ஓடும். அவை மையால் போட்டவை அல்ல; காரீயப் பட்டைகள்!

முதலில் ஜன்னல் அளவுக்கே படம் வரைந்து, அதன்படி வண்ணக் கண்ணாடிகளைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். கண், மூக்கு எல்லாம் தனிச் சாயத்தால் வரைந்து சூளையில் சுடுவார்கள். பிறகு, இருபுறமும் பள்ளமுள்ள காரீயப் பட்டைகளில் துண்டுகளைச் செருகுவார்கள். பட்டைகள் சந்திக்கும் இடங்களை, ரேடியோ ரிப்பேர் கடையில் செய்வதுபோல சால்டரிங் செய்து இணைப்பார்கள். இடுக்குகளில் பட்டி அடைப்பார்கள்.

காரீயத்தைக் கையாலேயே வளைக்கலாம். ஆனால், மென்மையானது என்பதால் பல ஆண்டுகளில் ஜன்னல் புடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் குறுக்கே இரும்புக் கம்பி கட்டுவார்கள்.

காரீயம் நஞ்சு; நீங்கள் தொட வேண்டாம். கறுப்பு சார்ட்டில் பூ வரைந்து, கோடுகளை மட்டும் விட்டு நடுவில் வெட்டி எடுங்கள். பின்னால் கலர் கண்ணாடித் தாள் ஒட்டி ஜன்னலில் மாட்டுங்கள். வெட்டும்போது ஒரு கோடு அறுந்தாலும் பூ தொங்கிவிடும், ஜாக்கிரதை! கறுப்புக் கோடு எதற்கு என்று அப்போது புரியும்.