கம்ப்யூட்டர் வளைவும் நமது பிளைவுட்டும்

நோணாங்குப்பத்தில் கடலூர் சாலையையொட்டி நமது பிளைவுட் மொத்த வியாபாரம் நடந்து வருவதைச் சங்க அன்பர்கள் பலரும் அறிவார்கள். ஷீட்டாக வாங்கி ஷீட்டாக விற்பதுதான் நமது தொழில். ஆனால் இப்போது வாடிக்கையாளர் ஷீட் மட்டும் கேட்பதில்லை. ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்து, "இதில் டிராயிங் இருக்கிறது, இப்படியே வெட்டிக் கொடுங்கள்" என்கிறார். முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். ஆகவே நாமும் ஆர்டரை ஏற்று, சி.என்.சி. ரவுட்டர் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பி வெட்டி வாங்கித் தருகிறோம். அதில் நாம் பட்ட நஷ்டத்தையும், பிறகு கேட்டறிந்த விவரங்களையும் எழுதினால் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு உதவும் என்று கருதுகிறோம்.

நகரத்தில் பிரெஞ்சு காலத்து வீடு ஒன்றைப் புதுப்பித்தார்கள். பன்னிரண்டு சன்னல்களுக்குத் தலைவளைவு செய்ய வேண்டும். அகலம் 1200 மி.மீ., வளைவின் உயரம் 400 மி.மீ. அரைவட்டமாக இருந்தால் உயரம் 600 வந்திருக்கும். இது சற்று அமுங்கிய வளைவு. பழைய ஆசாரிகள் இதை மூன்று ஆணி அடித்து, மூன்று மையம் வைத்து, கயிறு பிடித்துப் போடுவார்கள். இப்போது டிராயிங் கம்ப்யூட்டரில் வந்தது. திரையில் பார்த்தோம், அழகாகவே இருந்தது. ஒன்பது ஷீட் 19 மி.மீ. மரைன் பிளை வெட்டியாகிவிட்டது.

பொருத்தப் போன பெரிய ஆசாரி மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். "மொதலாளி, வளைவு ஒரே ஓட்டமா இல்லீங்க. உச்சியில மூக்கு மாதிரி நிக்குது" என்றார். நாம் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் பன்னிரண்டிலும் அதே மூக்கு. டிராயிங் போட்டவர்கள் மெஷின் தவறு என்றார்கள். பட்டறைக்காரரோ, "கொடுத்ததை வெட்டினேன்" என்றார். கடைசியில் நமது தம்பி மகன் அந்த டிராயிங்கைக் கம்ப்யூட்டரில் திறந்து, உச்சியைப் பெரிதாக்கிக் காட்டினான். தவறு அங்கேதான் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள, இந்த வளைவுகள் எப்படிப் பிறந்தன என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் கப்பல் கட்டுவோர் மெல்லிய மரப்பட்டையை வளைத்து, அங்கங்கே ஈயக் கட்டிகளை வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். பட்டை தானாக வளைவதால் கோட்டில் முடிச்சு விழாது. அந்தப் பட்டைக்குப் பெயர்தான் ஸ்ப்ளைன். இன்றும் கம்ப்யூட்டரில் இழுவளைவுக்கு அந்தப் பெயரே வழங்குகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சியை ஒப்படைத்தார்கள் அல்லவா? அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1959-இல், பிரான்சில் சித்ரோயன் கார் கம்பெனியில் பால் த காஸ்தெல்ஜோ என்பவர் வளைவுக்குக் கணக்கு கண்டுபிடித்தார். சாக்பீஸும் அடிக்கோலும் இருந்தால் நாமே செய்து பார்க்கலாம். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகளை வைத்து, முதலையும் இரண்டாவதையும், இரண்டாவதையும் மூன்றாவதையும் கோட்டால் இணையுங்கள். இரு கோடுகளின் நடுப்புள்ளிகளையும் இணையுங்கள். அந்தப் புதுக் கோட்டின் நடுப்புள்ளி வளைவின் மேல் இருக்கும். பாதிக்குப் பதில் கால், முக்கால் என்று எடுத்தால் மற்ற புள்ளிகள் கிடைக்கும். கம்பெனி இதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. ரெனோ கம்பெனியின் பியர் பெசியே 1960-களில் தனியே அதே வளைவுக்கு வந்து சேர்ந்து, ஊரறிய வெளியிட்டார். உலகம் அதைப் 'பெசியே வளைவு' என்கிறது. சரக்கைக் கோடவுனில் மூடி வைத்தவருக்கு என்ன கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாததா!

இந்த வளைவில் ஒவ்வொரு முனையிலும் ஒரு கைப்பிடிக் கோடு உண்டு. வளைவு அந்தக் கோட்டின் திசையிலேயே புறப்படும். நமது டிராயிங்கில் பாதி வளைவை மட்டும் போட்டு, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருந்தார்கள். அப்படியானால் உச்சியில் கைப்பிடி துல்லியமாகப் படுக்கையாக இருக்க வேண்டும். ஆனால் 300 மி.மீ. நீளக் கைப்பிடி 10 மி.மீ. சரிந்திருந்தது. ஒரு பக்கம் 2 டிகிரி, இரண்டு பக்கமும் சேர்ந்து 4 டிகிரி. திரையில் அது மறைந்துவிடும். நாலடி சன்னலில், மேலே வெளிச்சம் விழும் இடத்தில், மறையுமா?

தம்பி மகன் ஃப்ரீகேட் என்ற மென்பொருளில் பழகுகிறான். அது இலவசம், லைசென்ஸ் பணம் கிடையாது. அதில் ஸ்கெட்ச் போட்டால் ஒவ்வொரு கோட்டையும் 'கட்ட' வேண்டும். ஒரு நேர்கோட்டுக்கு இரண்டு முனை. ஒவ்வொரு முனையும் இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரலாம். ஆக நான்கு சுதந்திரம். படுக்கை என்று கட்டினால் ஒன்று போகும், நீளம் கொடுத்தால் இன்னொன்று போகும். எல்லாம் கட்டி முடிந்ததும் ஸ்கெட்ச் பச்சை நிறமாக மாறுகிறது. உச்சியில் துணைக்கோடு ஒன்றைப் படுக்கையாகப் போட்டு, வளைவு அதைத் தொட்டே செல்ல வேண்டும் என்று கட்டியிருந்தால் நமது ஒன்பது ஷீட்டும் பிழைத்திருக்கும். கண் பார்வைக்கு இழுத்து விட்டதால்தான் வினை. நம்மைக் கேட்டால், வட்டவில்லே போதும் என்னும் இடத்தில் ஸ்ப்ளைன் எதற்கு? ஆரத்தைச் சொன்னால் ஆசாரிக்கும் விளங்கும், மெஷினுக்கும் விளங்கும்.

வேறு சில சங்கதிகளும் உண்டு. அங்குலத்தில் போட்டதை மில்லிமீட்டராகப் படித்தால் பொருள் 25.4-இல் ஒரு பங்காகச் சுருங்கி வரும். இது உடனே தெரிந்துவிடும் என்பதால் பயமில்லை. கோடு எங்காவது மயிரிழை விட்டு நின்றால் மெஷின் அதை மூடிய உருவமாக ஏற்காது. 6 மி.மீ. பிட் போட்டு வெட்டும்போது உள்மூலை 3 மி.மீ. ஆரத்துக்குக் குறைந்து கூர்மையாக வராது. இதை ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நஷ்டத்தை நாமும் பட்டறைக்காரரும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம். டிராயிங் போட்டவர்கள் திருத்திக் கொடுத்ததோடு சரி.

இரண்டாம் முறை வெட்டுவதற்கு முன், வளைவு முழுவதையும் அசல் அளவிலேயே ரோல் தாளில் அச்சடித்து வந்து கடைத் தரையில் விரித்தோம். பெரிய ஆசாரி ஒரு மூங்கில் பிளாச்சை மெல்லியதாகச் சீவி, தாளின் மேல் வளைத்து, கோட்டோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு முனையில் நாம், மறுமுனையில் தம்பி மகன். ஆசாரி குனிந்து, உச்சியில் கோட்டுக்கும் பிளாச்சுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இப்ப வெட்டச் சொல்லுங்க மொதலாளி" என்றார்.