மண்ணச்சநல்லூர் அரிசி மூட்டையில் இங்கிலீஷ் கிராமர்: 'பிஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்' எங்கே சரி, எங்கே தப்பு?

"ஐ ஜாயின்ட் பிஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்." இன்டர்வியூவில் நம்மில் பலர் சொல்லக்கூடிய வரி இது. "ஆறு மாசத்துக்கு முன்னாடி சேர்ந்தேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் போட்டால் இதுதான் வரும். ஆனால் சொல்ல வேண்டியது "சிக்ஸ் மன்த்ஸ் அகோ".

சரி, அப்படின்னா கடையில் வாங்குற பாக்கெட்டில் "பெஸ்ட் பிஃபோர் சிக்ஸ் மன்த்ஸ் ஃப்ரம் த டேட் ஆஃப் பேக்கிங்" என்று போட்டிருக்கே, அது மட்டும் எப்படி சரி? நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குள்தான் இங்கிலீஷ் கிராமர் கற்பதற்கான ஒரு வழியே இருக்கிறது.

முன்னாடி, முன்னாடி

தமிழில் 'முன்னாடி' ஒரே வார்த்தைதான். "தீபாவளிக்கு முன்னாடி" என்போம், "ஆறு மாசத்துக்கு முன்னாடி" என்றும் சொல்வோம். இங்கிலீஷ் இதை ரெண்டாகப் பிரிக்கிறது. தீபாவளி, அஞ்சு மணி, எக்ஸாம் மாதிரி ஒரு குறிப்பிட்ட புள்ளி இருந்தால் 'பிஃபோர்'. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ'.

பாக்கெட் வரியில் 'ஃப்ரம்' என்ற வார்த்தையைக் கவனிங்க. பேக் செய்த தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ணி முடிக்கும் நாள் ஒரு புள்ளி. அந்த நாளுக்கு முன்னாடி பயன்படுத்துவது நல்லது என்பதுதான் அர்த்தம். அந்த 'ஃப்ரம்' இல்லாமல், இன்டர்வியூவில் 'பிஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்' மட்டும் தனியாக நின்றால் தடுமாறுகிறது.

மூட்டையை இன்னும் கொஞ்சம் படிப்போம்

திருச்சி மாவட்டத்தில் மண்ணச்சநல்லூர் என்றாலே ரைஸ் மில்லும் பொன்னி அரிசியும்தான் ஞாபகம் வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி ஊருக்குப் போகும் வழியிலேயே இங்கிலீஷ் பாடம் ஆரம்பித்துவிடும். யாரும் அதைப் பாடமாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அரிசிப் பையில் "பேக்ட் பை" என்றால் அடுத்து கம்பெனி பெயர். "பேக்ட் அட்" என்றால் இடம். "பேக்ட் ஆன்" என்றால் தேதி. மாதம் மட்டும் சொன்னால் "பேக்ட் இன்". ஒரே வினைச்சொல், பின்னால் நாலு வெவ்வேறு முன்னிடைச்சொல். பிரிபொசிஷன் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரு மூட்டையில் பார்த்தது மனதில் நிற்கும்.

விலைக்குப் பக்கத்தில் "இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்சஸ்" என்று இருக்கும். 'இன்க்ளூசிவ்' வந்தால் 'ஆஃப்' வேண்டும். ஆனால் அதே குடும்பத்து 'இன்க்ளூட்' வந்தால் எதுவும் வேண்டாம்: "த ப்ரைஸ் இன்க்ளூட்ஸ் டாக்ஸ்". 'டிஸ்கஸ்' கதையும் இதேதான். "டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்" சரி, "டாக் அபவுட்" சரி. "டிஸ்கஸ் அபவுட்" மட்டும் தேர்வில் தப்பு. 'அதைப் பற்றி' என்ற தமிழின் 'பற்றி' நம்மையறியாமல் 'அபவுட்' ஆகி உள்ளே வந்துவிடுகிறது. பொருள் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தனியாக ஒரு பழக்கம் உண்டு.

ரூல் போதாதா?

'ஹேவ்' என்ற சொல்லுக்கு 'ஐஎன்ஜி' போடக்கூடாது என்று கைடுகளில் இருக்கும். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" தப்பு, உண்மைதான். ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" முழுக்கச் சரி. "ஷி இஸ் ஹேவிங் எ பேபி" என்பதும் சரி. பத்து உதாரணத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். சொந்தம், உடைமை என்றால் வெறும் 'ஹேவ்'. சாப்பிடுவது, அனுபவிப்பது, நடந்துகொண்டிருப்பது என்றால் 'ஹேவிங்'. 'லவ்' வார்த்தைக்கும் 'ஐஎன்ஜி' வராது என்பார்கள். 2003-ல் மெக்டொனால்ட்ஸ் அதை வைத்தே உலகம் முழுக்க விளம்பரம் செய்தது.

ரூல் என்பது இந்த மாதிரி நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்து யாரோ எழுதிய சுருக்கம். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியத்தின் பாயிரமே, மக்கள் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து செய்த நூல் அது என்றுதான் சொல்கிறது.

கோலாப்பூரில் 10 லட்சம் வார்த்தைகள்

இங்கிலீஷில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் பெரிதாக ஆரம்பித்தது அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம். 1961-ல் அச்சான எழுத்துகளிலிருந்து 500 துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 2,000 வார்த்தை, மொத்தம் 10 லட்சம். இப்படிச் சேர்த்த தொகுப்புக்குப் பெயர் கார்ப்பஸ்.

நம்ம நாட்டிலும் நடந்தது. மகாராஷ்டிராவின் கோலாப்பூரில் உள்ள சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி.சாஸ்திரி தலைமையில், 1978-ல் இந்தியாவில் அச்சான இங்கிலீஷை அதே அளவில் திரட்டினார்கள். இந்தியர்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்பதை அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இவ்வளவு பெரிய வேலை பற்றி நம்ம ஸ்கூல் கிராமர் புத்தகங்கள் பேசுவதே இல்லை என்பது வருத்தம்தான்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு இதையே அகராதியாக்கியது. 1987-ல் வந்த கோபில்ட் அகராதியில் உதாரணங்களை எடிட்டர் யோசித்து எழுதவில்லை, உண்மையான பேச்சு, எழுத்திலிருந்து எடுத்தார்கள். தேடும் வார்த்தையை நடுவில் வைத்து, அது வரும் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். வலது பக்கம் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு

உதாரணம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அது யாருடைய இங்கிலீஷ் என்பதும் முக்கியம். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" இந்தியாவில் உண்மையாகவே புழங்குகிற வரி. நண்பரிடம் சொன்னால் யாருக்கும் புரியாமல் போகாது. அதற்காக வெட்கப்படவும் தேவையில்லை.

ஆனால் எஸ்எஸ்சி நடத்தும் சிஎச்எஸ்எல் முதல்கட்டத் தேர்வில் இங்கிலீஷுக்கு 25 கேள்வி, 50 மார்க். தப்பான பதிலுக்கு அரை மார்க் போகும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இதை எழுதுகிறவர்களுக்குப் பிழை கண்டுபிடிக்கும் கேள்விதான் பெரும் தலைவலி. காரணம், அந்தப் பிழையான வரிகள் நம் காதுக்குச் சரியாகவே கேட்கும்! அதனால் தேர்வுக்கு வரி சேர்க்கும்போது கடை போர்டை நம்பாதீங்க, நல்ல எடிட்டிங் உள்ள நாளிதழை நம்புங்க.

மொபைலில் எப்படி?

ஒரு நாளைக்கு ஒரே வார்த்தை போதும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் லேர்னர்ஸ் டிக்‌ஷனரிகள் ஆன்லைனில் இலவசம். அர்த்தத்தை விட்டுவிட்டு உதாரண வரிகளை மட்டும் படிங்க. 'கோகா' என்ற அமெரிக்க கார்ப்பஸில் 100 கோடி வார்த்தைக்கு மேல் இருக்கிறது, பெயர் பதிந்தால் தேடலாம். 'யூகிளிஷ்' தளத்தில் ஒரு சொற்றொடரைப் போட்டால், யூடியூப் வீடியோக்களில் அதைச் சொல்லும் இடத்துக்கே கொண்டுபோகும். கூகுளில் எத்தனை ரிசல்ட் வருகிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீங்க. தப்பும் லட்சக்கணக்கில் வரும்.

இப்போ நீங்களே பாருங்க. இந்த மூன்றில் தேர்வில் எது சரி?

"ஹி எக்ஸ்பிளெயின்ட் மீ த ப்ராப்ளம்."
"ஷி இஸ் மேரிட் வித் அன் இன்ஜினியர்."
"ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை பைக்."

முதல் வரியில் 'டோல்ட் மீ' என்றால் ஓகே, 'எக்ஸ்பிளெயின்' வந்தால் 'டு மீ' வேண்டும். இரண்டாவதில் 'அவரோட கல்யாணம்' என்ற நம்ம 'ஓட', 'வித்' ஆகிவிட்டது. அங்கே 'டு' தான் வரும். பைக் தொல்லை கொடுப்பது மட்டும் சரி.