தண்ணீரில் மிதக்கும் வண்ணக்கோலம்

போர்ட் கிள்ளான் படகுத்துறையில், சிந்திய எண்ணெய் நீர்மேல் வானவில்லாய் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற நெளிவுகளைத் தாளிலும் துணியிலும் பதிக்கும் கலை ஒன்று உண்டு. துருக்கியர் அதை ‘எப்ரு’ என்பர். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது. 17-ஆம் நூற்றாண்டில் பிஜாப்பூர் ஓவியர்கள் இம்முறையில் செய்த எலும்பும் தோலுமான குதிரை ஒன்று, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வீட்டிலும் செய்யலாம், சகோதரிகளே! முதலில் படிகாரம். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டித் தூளைக் கரையுங்கள். வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையைத் துவைத்து, அதில் கால் மணி நேரம் ஊறவைத்து நிழலில் காயவையுங்கள். தாளென்றால் பஞ்சால் தடவினால் போதும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அலசும்போது வண்ணமெல்லாம் நீரோடு போய்விடுகிறது. ஆனால் படிகாரம் ஏறிய துணியை வாரக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள், நூல் நைந்துவிடும்.

அடுத்து, கெட்டியான நீர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரகீனன் தூள் ஒரு மேசைக்கரண்டியை இரண்டு லிட்டர் நீரில் மின் அரைப்பானில் அடித்து, இரவெல்லாம் வையுங்கள். (நம் சபாவின் செம்பூர்ணாவில் வளர்ப்பதும் இவ்வகைப் பாசிதான்.) அகார் அகார் உதவாது, உறைந்து கட்டியாகிவிடும்.

அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்துச் சொட்டுங்கள். மூழ்கினால் இன்னும் கொஞ்சம் நீர் சேருங்கள். சாத்தே குச்சியால் மெல்ல இழுத்துக் கோலமிட்டு, துணியை நடுவிலிருந்து படியவிடுங்கள். காற்றுக்குமிழி சிக்கினால் அந்த இடம் வெள்ளையாய் நிற்கும். எடுத்ததும் அலசி உலர்த்துங்கள். ஒரு வாரம் கழித்துப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். அடுத்த துணிக்கு முன், மீந்த வண்ணத்தைப் பழைய செய்தித்தாளால் வழித்தெடுத்துவிடுங்கள்.